விழித்திருப்பது யாருக்காக?

(2019 டிசம்பர் 1, திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறன்று வானொலியில் ஆற்றப்பட்ட மறையுரை. வாசகங்கள்: எசாயா 2:1-5, உரோமையர் 13:11-14, மத்தேயு 24:37-44)



இன்று திருவழிபாட்டு ஆண்டின் முதல் நாள். திருவருகைக் கால வளையத்தில் முதல் மெழுகுதிரியை ஏற்றியிருக்கிறோம். 

இன்றைய நற்செய்தி ஒரு வெள்ளத்தைப் பற்றிப் பேசுகிறது. நோவாவின் காலத்தில் மக்கள் உண்டார்கள், குடித்தார்கள், பெண் கொண்டார்கள், பெண் கொடுத்தார்கள். வெள்ளம் வந்து எல்லாரையும் அடித்துச் செல்லும் வரை அவர்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. மானிட மகனின் வருகையும் அப்படியே இருக்கும் என்கிறார் ஆண்டவர். ஆகையால் விழிப்பாயிருங்கள் என்று எச்சரிக்கிறார்.

இன்று தேதி டிசம்பர் 1. சென்னையிலும் சுற்றுப்புறத்திலும் இருந்து இந்த வானொலியைக் கேட்டுக்கொண்டிருப்பவர்களுக்கு இந்தத் தேதியை நான் விளக்க வேண்டியதில்லை. சரியாக நான்கு ஆண்டுகளுக்கு முன்பு, 2015 டிசம்பர் 1 இரவுதான் அடையாறு கரை கடந்து நம் வீடுகளுக்குள் வந்தது. ஆகவே இன்றைய நற்செய்தியை அந்த ஆற்றங்கரையில் நின்று வாசிக்கலாம் என்று நினைக்கிறேன்.

இன்னொன்றையும் நினைவுபடுத்துகிறேன். 2015இல் திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறு நவம்பர் 29. அன்று நம் ஆலயங்களில் வாசித்த நற்செய்தி லூக்கா 21ஆம் அதிகாரம். கடலும் அலைகளும் எழுப்பும் முழக்கத்தைக் கேட்டு மக்கள் கலங்குவார்கள் என்று ஆண்டவர் சொல்லும் பகுதி அது. அதைக் கேட்டோம், நற்கருணை பெற்றோம், வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டோம். இரண்டு நாள் கழித்து வெள்ளம் வந்தது. ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குப் போய்ச் சாப்பிடுவதில் குற்றம் இல்லை. நோவா காலத்து மக்களைப் பற்றிப் பேசும்போது ஆண்டவரும் அதைக் குற்றமாகச் சொல்லவில்லை.

இங்கே கொஞ்சம் நின்று பார்ப்போம். தொடக்கநூல், அந்நாளைய மக்களின் தீமையையும் வன்முறையையும் பற்றிப் பேசுகிறது. ஆனால் மத்தேயு நற்செய்தியின் இந்தப் பகுதியில் ஆண்டவர் அவர்களுடைய பாவப் பட்டியலை எடுக்கவில்லை. அவர் சொல்வதெல்லாம் சாதாரண வேலைகள்: சாப்பாடு, கல்யாணம், வயலில் உழைப்பு, திரிகையில் மாவரைப்பது. நீங்களும் நானும் அன்றாடம் செய்கிறவை. ஒரே ஒரு குறையைத்தான் சுட்டுகிறார்: அவர்கள் அறியாதிருந்தார்கள். நடக்கப்போவதை உணராமல் இருந்தார்கள். அப்படியென்றால், எதை அறிந்திருப்பது விழிப்பு? எதைப் பார்த்துக்கொண்டிருப்பது விழிப்பு? இன்றைக்கு நம் கேள்வி இதுதான்.

2015 நவம்பர் முழுவதும் மழை. சென்னையில் அந்த ஒரு மாதத்தில் மட்டும் 100 சென்டிமீட்டருக்கு மேல் பெய்தது. ஏரிகள் எல்லாம் நிரம்பியிருந்தன. அப்புறம் டிசம்பர் 1, செவ்வாய்க்கிழமை. தாம்பரத்தில் 24 மணி நேரத்தில் 49 சென்டிமீட்டர்; செம்பரம்பாக்கத்தில் 47 சென்டிமீட்டர். செம்பரம்பாக்கம் ஏரியின் முழு உயரம் 24 அடி. ஏற்கெனவே விளிம்புக்கு வந்துவிட்ட ஏரியில் அவ்வளவு மழையும் கொட்டினால் எங்கே போகும்? காலையில் குறைவாகத் திறந்துவிடப்பட்ட உபரிநீர், மணிக்கு மணி கூடி, விநாடிக்கு 29,000 கன அடிக்கு வந்தது. அதோடு ஆதனூர், மண்ணிவாக்கம், முடிச்சூர்ப் பக்கத்து ஏரிகளின் உபரிநீரும் அதே ஆற்றில்தான் விழுந்தது.

29,000 கன அடி என்று செய்தியில் சொல்கிறார்கள். அது எவ்வளவு என்று எத்தனை பேருக்குத் தெரியும்? ஒரு கன அடி என்பது ஏறத்தாழ 28 லிட்டர். கணக்குப் போட்டால் நொடிக்கு 8 லட்சம் லிட்டருக்கு மேல். இந்த ஆண்டுக் கோடையில் இதே செம்பரம்பாக்கம் வறண்டு வெடித்துக் கிடந்ததைப் பார்த்தோம். குடத்தை வரிசையில் வைத்துவிட்டு லாரிக்காகக் காத்துக் கிடந்தோம். ஜூலை மாதம் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது. ஒரு ரயிலுக்கு 25 லட்சம் லிட்டர். அந்த ஒரு ரயில் தண்ணீர், 2015 டிசம்பரில் ஏரியிலிருந்து மூன்றே நொடியில் வெளியேறிய தண்ணீர்! அதே ஏரி, அதே ஊர், அதே மக்கள்.

அன்பார்ந்தவர்களே, ஏரியில் திறந்த தண்ணீர் உடனே சைதாப்பேட்டைக்கு வந்துவிடாது. அது ஆற்றோடு வர வேண்டும். திருநீர்மலை, மணப்பாக்கம், நந்தம்பாக்கம், ஈக்காட்டுத்தாங்கல், ஜாபர்கான்பேட்டை என்று வளைந்து வளைந்து வர வேண்டும். அதற்குச் சில மணி நேரம் ஆகும். ஏரியில் தண்ணீர் திறப்பதற்கும் அது நம் பாலத்தடியில் வந்து நிற்பதற்கும் நடுவே உள்ள அந்தச் சில மணி நேரத்தை இன்று நாம் தியானிப்போம். அந்த நேரத்தில் யார் என்ன செய்தார்கள் என்பதில்தான் எத்தனையோ உயிர்கள் தங்கியிருந்தன.

அப்போது நான் அடையாற்றுக் கரையை ஒட்டிய ஒரு பங்கில் பணியில் இருந்தேன். அன்று மாலை ஆற்றுப் பாலத்தின் கைப்பிடிச் சுவர் நெடுக ஆட்கள். குடை பிடித்தபடி சிலர், நனைந்தபடி சிலர், கைப்பேசியில் படம் எடுத்தபடி பலர். ஒவ்வொருவரிடமும் ஒரு அளவுகோல் இருந்தது. துணி துவைக்கிற கல் மூழ்கிவிட்டதா? கோயில் படித்துறையில் மூன்றாவது படி தெரிகிறதா? பாலத்துத் தூணில் பாசி படிந்த கோடு எங்கே? "போன மாசம் இது வரைக்கும் வந்துச்சு, அப்புறம் இறங்கிடுச்சு" என்று ஒருவர் சொல்ல, "இன்னும் ரெண்டு அடி ஏறினாத்தான் ஆபத்து" என்று இன்னொருவர் சொன்னார். எல்லாரும் கண்ணை மூடாமல்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தூக்கம் யாருக்கும் இல்லை. ஆனால் இது ஆண்டவர் கேட்ட விழிப்பா?

பாலத்துக்குக் கீழே, கரையோரத்தில் குடியிருந்தவர்களிடம் வேறொரு கணக்கு இருந்தது. ஒலிபெருக்கி வைத்த வண்டி வந்தது. தாழ்வான பகுதியில் இருப்பவர்கள் பாதுகாப்பான இடத்துக்குப் போகும்படி அறிவித்துவிட்டுப் போனது. வீட்டை விட்டு வெளியே வந்தவர்கள் சிலர், பலர் வரவில்லை. ஏன் வரவில்லை என்று பின்னாளில் பலர் கேட்டார்கள். "சொல்லியும் கேட்காத ஜனங்கள்" என்று சுலபமாகச் சொல்லிவிட்டார்கள். நாம் அப்படிச் சொல்லிவிட்டு நகரக் கூடாது.

ஒரு பாட்டியிடம் போய், "வாங்க பாட்டி, பள்ளிக்கூடத்துக்குப் போயிடலாம்" என்றபோது அவர் சொன்னார்: "தண்ணி எங்களுக்குப் புதுசா ஃபாதர்? வரும், போகும். போன மாசம் கூடத்தான் ஓடுங்கன்னு சொன்னாங்க. ரெண்டு நாள் பள்ளிக்கூடத்துல கிடந்துட்டு வந்து பார்த்தா, வீட்டுல சிலிண்டர் இல்ல." இன்னொரு தாய்க்கு வயது வந்த இரண்டு பெண் பிள்ளைகள். நூறு பேர் தங்குகிற கூடத்தில் கழிப்பறை ஒன்றுதான் என்றால் எப்படி அழைத்துப் போவது என்பது அவருடைய கவலை. ஒருவர் ரேஷன் கார்டையும் பிள்ளைகளின் மதிப்பெண் பட்டியலையும் தேடிக்கொண்டிருந்தார். இன்னொருவருடைய வீட்டில் படுத்த படுக்கையாய்த் தகப்பனார். தூக்கிக்கொண்டு போக ஆள் இல்லை.

வீட்டு உரிமையாளர், திருடன் எந்த நேரத்தில் வருவான் என்று தெரிந்திருந்தால் விழித்திருப்பார் என்று இன்றைய நற்செய்தியில் ஆண்டவர் சொல்கிறார். கரையோரத்து ஏழைக்கு அந்த உவமை மிக நன்றாகப் புரியும். அவர் அன்றிரவு விழித்துத்தான் இருந்தார். இருக்கிற கொஞ்சத்தைக் காவல் காத்துக்கொண்டிருந்தார். அந்தக் காவலே அவருடைய உயிருக்கு ஆபத்தாய் முடிந்தது. ஆகவே அறிவிப்பு மட்டும் போதாது. "போ" என்று சொல்வதற்கு ஒரு ஒலிபெருக்கி போதும். "வா" என்று சொல்வதற்கு ஒரு மனிதர் வேண்டும்.

அப்படி ஒருவர் எங்கள் பங்கில் இருந்தார். ஆட்டோ ஓட்டுபவர். தம் அன்பியத்தின் பொறுப்பாளர். இருட்டுவதற்கு முன்பே அவர் பாலத்தைவிட்டு இறங்கிவிட்டார். சந்து சந்தாகப் போனார். நம் வீடு, பிறர் வீடு என்று பார்க்கவில்லை. கிறிஸ்தவர், இந்து, முஸ்லிம் எல்லார் வீட்டுக் கதவையும் தட்டினார். படுத்த படுக்கையாய் இருந்த அந்தப் பெரியவரைப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்து, இரண்டு இளைஞர்களோடு சேர்ந்து தூக்கி வந்தார். பெண் பிள்ளைகளோடு இருந்த அந்தத் தாயை, மேட்டுத் தெருவில் இருந்த தம் அக்காள் வீட்டில் கொண்டுபோய் விட்டார். பாட்டியிடம், "சிலிண்டரை நான் என் ஆட்டோவுல ஏத்திக்கிறேன், நீங்க முதல்ல ஏறுங்க" என்றார். பாட்டி ஏறிவிட்டார்!

பிறகு ஒரு நாள் அவரிடம் கேட்டேன்: "தண்ணி இவ்வளவு வரும்னு உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?" அவர் சிரித்தார். "எத்தனை கன அடின்னு எல்லாம் எனக்குத் தெரியாது ஃபாதர். எந்த வீட்டுல யாரு இருக்காங்கன்னு தெரியும். அவ்வளவுதான்."

அன்பார்ந்தவர்களே, ஆண்டவர் கேட்கிற விழிப்பு இதுதான் என்று நான் நம்புகிறேன். ஆற்றைப் பார்ப்பது தேவைதான். அளவு பார்ப்பதும், செய்தி கேட்பதும் தேவைதான். ஆனால் ஆற்றையே பார்த்துக்கொண்டிருப்பவர் இன்னும் தம்மைப் பற்றித்தான் கவலைப்படுகிறார்: "என் வீட்டுக்கு வருமா, வராதா?" அயலாரின் கதவைத் தட்டுகிறவர்தான் விழித்துக்கொண்டவர்.

எசேக்கியேல் இறைவாக்கினர் நூலின் 33ஆம் அதிகாரத்தில் ஒரு காவலாளி வருகிறார். ஆபத்து வருவதைக் கண்டதும் எக்காளம் ஊத வேண்டியது அவர் கடமை. கண்ட பிறகும் ஊதாமல் இருந்து, ஒருவர் இறந்துபோனால், அந்த இரத்தத்துக்குக் கணக்குக் கேட்பேன் என்கிறார் ஆண்டவர். காவலாளி தூங்கினார் என்பது அங்கே குற்றச்சாட்டு இல்லை. கண்டார், கண்டும் சொல்லவில்லை. விவிலியத்தில் காண்பதற்கு ஒரு கடமை உண்டு. யார் முதலில் காண்கிறாரோ, அவர் காணாதவர்களுக்குக் கடன்பட்டவர்.

நோவாவைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். தொடக்கநூலில் வெள்ளப் பகுதி முழுவதையும் வாசித்துப் பாருங்கள். கடவுள் பேசுகிறார், நோவா கீழ்ப்படிகிறார். பேழையைக் கட்டுகிறார், ஏறுகிறார், இறங்குகிறார், பலி செலுத்துகிறார். ஆனால் அந்த அதிகாரங்களில் அவர் வாய் திறந்து ஒரு சொல்லும் சொன்னதாக எழுதப்படவில்லை. பின்னாளில் பேதுருவின் இரண்டாம் திருமுகம் அவரை நீதியைப் பறைசாற்றியவர் என்று அழைக்கிறது. அவர் நீதிமான் என்பதில் ஐயம் இல்லை. ஆனால் சில அதிகாரங்கள் தள்ளி ஆபிரகாம் வருகிறார். சோதோமுக்கு அழிவு வரப்போகிறது என்று கேள்விப்பட்டதும் அவர் கடவுளிடமே வாதாடுகிறார். ஐம்பது பேர் இருந்தால்? நாற்பத்தைந்து? முப்பது? பத்துப் பேர் இருந்தால்? முன்பின் பழகாத ஊர் மக்களுக்காகப் பேரம் பேசுகிறார். நோவாவிடம் கீழ்ப்படிதலைக் கற்றுக்கொள்கிறோம். ஆபிரகாமிடம், செய்தியை அறிந்தவர் பிறருக்காகப் பேச வேண்டும் என்பதைக் கற்றுக்கொள்கிறோம். அவர்களுக்கும் மேலாக, நம் ஆண்டவர் கரையில் நின்று அளவு பார்க்கவில்லை. நம் வெள்ளத்துக்குள்ளேயே இறங்கினார். யோர்தானில் இறங்கினார், சாவின் ஆழத்திலும் இறங்கினார். கிறிஸ்து பிறப்பு என்று நாம் கொண்டாடப்போவது அந்த இறங்குதலைத்தான்.

வெள்ளத்துக்குப் பிறகு சிலர், "இது கடவுள் கொடுத்த தண்டனை" என்றார்கள். அப்படிப் பேசாதீர்கள். சீலோவாமில் கோபுரம் விழுந்து பதினெட்டுப் பேர் இறந்தபோது, அவர்கள் மற்றவர்களைவிடக் குற்றவாளிகள் என்று நினைக்கிறீர்களா என்று கேட்டவர் ஆண்டவர். இனி ஒரு வெள்ளத்தால் உலகை அழிப்பதில்லை என்று வானவில்லை அடையாளமாய் வைத்தவர் தந்தையாம் கடவுள். நம் கையால் நேர்ந்ததை அவர்மேல் சுமத்துவது நியாயமில்லை. 2018இல் சட்டமன்றத்தில் வைக்கப்பட்ட சி.ஏ.ஜி. தணிக்கை அறிக்கை, இந்த வெள்ளத்தை மனிதரால் நேர்ந்த பேரிடர் என்றே சொன்னது. 289 உயிர்கள் போயின என்றும் அது கணக்குச் சொல்கிறது. அந்த எண்ணுக்குள் இருப்பவர்கள் யாரோ ஒருவருடைய அம்மா, யாரோ ஒருவருடைய பிள்ளை.

ஏரிகளை மூடினோம், வாய்க்கால்களில் குப்பை கொட்டினோம், தண்ணீர் போகிற வழியில் வீடு கட்டினோம். "ஆக்கிரமிப்பு" என்று சொன்னவுடன் கரையோரக் குடிசையைத்தான் எல்லாரும் கைகாட்டுகிறார்கள். ஆனால் விமான நிலையத்தின் இரண்டாம் ஓடுதளம் இதே அடையாற்றின் குறுக்கேதான் போகிறது. ஆற்றின் வெள்ளப்படுகையில் பெரிய பெரிய கட்டடங்கள் நிற்கின்றன. வெள்ளம் வடிந்தபின் அப்புறப்படுத்தப்பட்டவர்கள் மட்டும் ஏழைகள். ஆயிரக்கணக்கான குடும்பங்கள் நகரின் தெற்கு ஓரத்தில், பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தை ஒட்டிய பெரும்பாக்கத்துக்கும் மற்ற இடங்களுக்கும் கொண்டுபோய்க் குடிவைக்கப்பட்டன. வெள்ளத்திலிருந்து காக்கிறோம் என்று சொல்லி, மழைக்காலத்தில் தண்ணீர் தேங்குகிற இன்னொரு இடத்தில்! வேலை தூரமாயிற்று, பிள்ளைகளின் பள்ளிக்கூடம் தூரமாயிற்று. திருத்தந்தை பிரான்சிஸ் அதே 2015ஆம் ஆண்டு வெளியிட்ட 'இறைவா உமக்கே புகழ்' என்ற சுற்றுமடலில், பூமியின் அழுகுரலையும் ஏழைகளின் அழுகுரலையும் சேர்த்தே கேட்க வேண்டும் என்கிறார். அடையாற்றங்கரையில் அந்த இரண்டும் ஒரே குரலாய்க் கேட்டன.

அந்த நாள்களின் நல்ல செய்தியையும் மறந்துவிடக் கூடாது. மின்சாரம் இல்லை; கைப்பேசி இணைப்பு இல்லை. 1878இல் தொடங்கி நடந்துவந்த 'தி இந்து' நாளிதழ் டிசம்பர் 2 அன்று சென்னையில் முதன்முறையாக அச்சாகவில்லை. அந்த அளவுக்கு ஊர் நின்றுபோயிருந்தது. ஆனால் கடலோரக் குப்பங்களிலிருந்து மீனவச் சகோதரர்கள் தங்கள் படகுகளோடு தெருக்களுக்குள் வந்தார்கள். யாரும் அழைத்துக் காத்திருக்கவில்லை. 2004 சுனாமியில் தண்ணீர் என்ன செய்யும் என்று கண்டவர்கள் அவர்கள். கண்டவர்கள் கடன்பட்டவர்கள் என்று சொன்னேன் அல்லவா? அவர்கள் அந்தக் கடனைத் தீர்த்தார்கள். ஆலயங்களும் மசூதிகளும் கோயில்களும் கதவைத் திறந்து வைத்தன. வெளி மாவட்டங்களிலிருந்து வந்த தூய்மைப் பணியாளர்கள் நம் வீட்டுச் சேற்றை அள்ளினார்கள். அவர்களுக்கு நாம் இன்னும் முழுவதுமாய் நன்றி சொல்லவில்லை.

அடையாற்றின் மேல் நிற்கிற சைதாப்பேட்டை மறைமலை அடிகள் பாலம் உங்களுக்குத் தெரியும். அதற்கு முன்பு அதே இடத்தில் வேறொரு பழைய பாலம் இருந்தது. 1726இல் அதைக் கட்டியவர் கோஜா பெட்ரூஸ் உஸ்கான் என்ற ஆர்மீனிய வணிகர். புனித தோமையாரின் நினைவைப் போற்றும் பரங்கிமலைக்குப் போகிறவர்கள் ஆற்றைக் கடக்கப் படுகிற பாட்டைக் கண்டு, தம் சொந்தப் பணத்தில் கட்டினார். மலைக்குப் படிகளும் அமைத்தார். அவர் பாலத்தைக் கட்டியதோடு நிற்கவில்லை. அதைப் பராமரிக்கவும் பணம் ஒதுக்கி வைத்தார். தாம் இறந்த பிறகு ஆற்றைக் கடக்கப்போகிறவர்களையும் அவர் நினைத்தார். வெளியூரிலிருந்து வந்த ஒரு வியாபாரி, இந்த ஊரின் ஆற்றைப் பார்த்து அதைச் செய்தார்.

இன்றைய முதல் வாசகத்தில் எசாயா ஒரு காட்சியைக் காண்கிறார். ஆண்டவரின் மலையை நோக்கி எல்லா மக்களினங்களும் திரண்டு வருகின்றன. அந்தத் திரண்டு வருதலுக்கு எபிரேயத்தில் உள்ள வினைச்சொல், ஆற்றைக் குறிக்கும் சொல்லோடு உறவுடையது. ஆறாய்ப் பெருகி வருவார்கள் என்பது பொருள். ஆறு எப்போதும் மேட்டிலிருந்து பள்ளத்துக்குத்தான் ஓடும். எசாயா காண்கிற மனித ஆறோ பள்ளத்திலிருந்து மலைக்கு ஏறுகிறது! ஒருவர் கையை ஒருவர் பிடித்து, முடியாதவரைத் தூக்கிக்கொண்டு, மேட்டுக்குப் போகிற ஆறு அது. அடையாற்றின் தென்கரையில் சின்னமலை இருக்கிறது. அந்தக் குன்றைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு எசாயாவின் இந்தக் காட்சி நினைவுக்கு வரும். திருச்சபை என்றால் என்ன என்று யாராவது கேட்டால், இதைச் சொல்லலாம்: தண்ணீர் ஏறும்போது ஒருவரையும் விட்டுவிடாமல் மேட்டுக்கு ஏறுகிற மக்கள்.

அப்படியானால் இந்தத் திருவருகைக் காலத்தில் நாம் என்ன செய்யலாம்? நான்கே காரியங்களைச் சொல்கிறேன்.

முதலாவது, இந்த வாரம் ஒவ்வொரு அன்பியமும் கூடும்போது ஒரு பட்டியல் எழுதுங்கள். நம் தெருவில் தனியாக இருக்கும் முதியவர் யார்? நடக்க முடியாதவர் யார்? கர்ப்பிணிகள், கைக்குழந்தை உள்ளவர்கள் யார்? டயாலிசிஸ் போன்ற சிகிச்சையில் இருப்பவர் யார்? வேற்றூரிலிருந்து வந்து கட்டட வேலை செய்கிறவர்கள், நம் மொழி தெரியாதவர்கள் யார்? மதம் பார்க்காமல் எழுதுங்கள். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே, ஆபத்து நேரத்தில் அவர் வீட்டுக் கதவைத் தட்டப்போகிறவரின் பெயரை எழுதுங்கள். அந்தப் பட்டியலைச் செபமாலையோடு வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, இளைஞர்களே, கரையோர வீடுகளுக்குப் போய், ரேஷன் கார்டு, ஆதார், சான்றிதழ்கள் எல்லாவற்றையும் தண்ணீர் புகாத ஒரு பையில் போட்டு வைக்க உதவுங்கள். காகிதத்துக்காக யாரும் உயிரைக் கொடுக்க வேண்டாம். மாவட்டப் பேரிடர் உதவி எண் 1077, சென்னை மாநகராட்சியின் எண் 1913. இரண்டையும் கதவில் எழுதி ஒட்டுங்கள்.

மூன்றாவது, ஆலயத்தின் சாவியும் பள்ளிக்கூடத்தின் சாவியும் யாரிடம் இருக்கின்றன என்பது எல்லாருக்கும் தெரிந்திருக்க வேண்டும். பெண்களுக்குத் தனி இடமும் கழிப்பறையும் உண்டா என்று பங்குப் பேரவை இப்போதே பார்க்கட்டும். இரவு பத்து மணிக்கு ஒரு தாய் தன் பெண் பிள்ளைகளோடு வந்தால், தயங்காமல் உள்ளே வரும்படியாக நம் வாசல் இருக்க வேண்டும்.

நான்காவது, நம் பங்கிலிருந்து பெரும்பாக்கத்துக்கோ வேறு இடத்துக்கோ அனுப்பப்பட்ட குடும்பங்கள் இருந்தால், கிறிஸ்து பிறப்புக்கு முன்பு ஒரு நாள் அவர்களைப் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். கேக் கொண்டுபோங்கள், நல்லதுதான். அதைவிட, அங்கே மழைக்குத் தண்ணீர் எதுவரை வருகிறது, பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிறார்களா என்று கேட்டுவிட்டு வாருங்கள்.

இரவு முடியப்போகிறது, தூக்கத்திலிருந்து எழும் நேரம் வந்துவிட்டது என்று இன்று பவுலடியார் உரோமையருக்குச் சொல்கிறார். ஏரிக்கும் பாலத்துக்கும் நடுவே சில மணி நேரம் இருந்தது என்று சொன்னேன். திருவருகைக் காலமும் அப்படி ஒரு நேரம்தான். செய்தி வந்துவிட்டது, வருகிறவர் வந்துகொண்டிருக்கிறார். நடுவே நமக்கு இந்த நான்கு வாரம். ஏன், நம் வாழ்நாள் முழுவதுமே அறிவிப்புக்கும் வருகைக்கும் நடுவே தரப்பட்ட இடைவேளைதான். அது எவ்வளவு நீளம் என்று யாருக்கும் தெரியாது. அதைக் கரையில் நின்று அளவு பார்த்தே கழித்துவிடலாம். கதவைத் தட்டியும் கழிக்கலாம். மானிட மகன் வருகிறபோது நாம் எங்கே இருப்போம்? யாரோ ஒருவருடைய வீட்டு வாசலில், "எழுந்திருங்க, வாங்க போகலாம்" என்று சொல்லிக்கொண்டு இருந்தால், நாம் விழித்திருக்கிறோம் என்று பொருள். கதவைத் திறக்கும் அந்த முகத்தில் ஆண்டவரையே காண்போம். ஏனெனில் சின்னஞ்சிறியவருக்குச் செய்ததையெல்லாம் தமக்கே செய்ததாக ஏற்றுக்கொள்கிறவர் அவர்.

செபிப்போம். ஆண்டவரே, பெருவெள்ளத்தில் உயிரிழந்த எம் சகோதர சகோதரிகளுக்கு நிலையான இளைப்பாற்றியைத் தாரும். அவர்களை இழந்து இன்றும் கண்ணீர் வடிக்கும் குடும்பங்களைத் தேற்றும். மழையை எங்களுக்கு ஆசியாகத் தாரும். ஏரிகளையும் ஆறுகளையும் காக்கும் பொறுப்புணர்வை ஆட்சியாளர்களுக்கும் எங்களுக்கும் தாரும். ஆபத்தை முதலில் காண்கிற கண்களை எங்களுக்குக் கொடுத்தால், அதை அயலாருக்குச் சொல்கிற வாயையும், அவர் வீடுவரை நடக்கிற கால்களையும் சேர்த்தே கொடும். உம் வருகைக்காக நாங்கள் ஒருவர் ஒருவருக்காய் விழித்திருக்கச் செய்தருளும். எங்கள் ஆண்டவராகிய கிறிஸ்து வழியாக உம்மை மன்றாடுகிறோம். ஆமென்.